மொழிமாற்றம் அல்ல, மொழிப்பெயர்வு

ஒரு சமூகம் தன் மொழியை விட்டுவிட்டு இன்னொன்றை வீட்டுமொழியாக்கிக்கொள்வதை 'லாங்குவேஜ் ஷிஃப்ட்' என்பார்கள். 1953இல் மொழியியலாளர் யூரியல் வைன்ரைக் இதை விளக்கினார், 1960களில் ஜோஷுவா ஃபிஷ்மன் தனி ஆய்வுத்துறையாகவே வளர்த்தார். தமிழில் இதைக் கட்டுரைக்குக் கட்டுரை 'மொழிமாற்றம்' என்று எழுதுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

சிங்கப்பூரைப் பாருங்கள். 1979இல் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ, சீனாவின் பொதுமொழியான மாண்டரினைப் பேசும் இயக்கத்தைத் தொடங்கினார். ஹொக்கியன், தியோச்சியூ, கான்டனீஸ் பேசிய சீனக் குடும்பங்கள் மாண்டரினுக்கு வர வேண்டும் என்பது நோக்கம். பள்ளியும் வேலையும் ஆங்கிலத்தின் பக்கம் இழுத்தன. இந்தச் சீன வட்டார மொழிகளை வீட்டில் அதிகம் பேசியவர்கள் 2010இல் 14.3 விழுக்காடு, 2020இல் 8.7. ஆங்கிலமோ 32.3இலிருந்து 48.3க்குப் போய்விட்டது. பாட்டியின் ஹொக்கியன் பேரனுக்குப் புரியவில்லை.

இதில் மாறியது எது? ஹொக்கியன் மாறவில்லை, பேசியவர்கள்தாம் அதைவிட்டு நகர்ந்தார்கள். ஒரு மொழியின் ஒலியும் இலக்கணமும் காலப்போக்கில் திரிவதுதான் மொழி மாற்றம். அது வேறு சங்கதி. போதாததற்கு, டப்பிங் படத்தையும் நாம் மொழிமாற்றுப் படம் என்கிறோம். அதே சிங்கப்பூரில் ஹாங்காங்கின் கான்டனீஸ் தொடர்களை மாண்டரினில் டப்பிங் செய்து ஒளிபரப்பினார்கள். தொடருக்கு நடந்ததும் குடும்பத்துக்கு நடந்ததும் ஒரே சொல்லா?

'மொழிச்சாவு' என்று எழுதுபவர்களும் உண்டு. தைவானிலும் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்திலும் கோடிக்கணக்கானோர் பேசும் ஹொக்கியனுக்கு ஏன் சாவு ஓலை எழுத வேண்டும்?

என் தேர்வு 'மொழிப்பெயர்வு'. இடப்பெயர்வு, புலப்பெயர்வு என்ற சொற்களின் வரிசையில் இயல்பாக உட்காருகிறது. மொழிபெயர்ப்போடு குழம்பும் என்பார்கள். குழம்பாது. பெயர்ப்பு பிறவினை, ஒருவர் ஒன்றைப் பெயர்ப்பது. பெயர்வு தன்வினை, மக்கள் தாமே பெயர்வது. அரசு தள்ளினாலும், வீட்டில் பிள்ளையிடம் எந்த மொழியில் பேசுவது என்று முடிவெடுத்தவர்கள் பெற்றோர்தானே. குறுந்தொகையில் மாமூலனார் 'மொழிபெயர் தேஎத்தர்' என்கிறார், வேற்றுமொழி நாட்டில் இருப்பவர் என்ற பொருளில். இத்தனை பழைய வினை கையில் இருக்க, ஷிஃப்ட், சேஞ்ச், கன்வெர்ஷன் எல்லாவற்றுக்கும் 'மாற்றம்' என்று ஒரே முத்திரை குத்துவது சோம்பல்.

அப்புறம், நடுவில் 'ப்' வேண்டும். மொழியைப் பெயர்ப்பது மொழிபெயர்ப்பு, அங்கே ஒற்று மிகாது. மொழியிலிருந்து பெயர்வது மொழிப்பெயர்வு.