மெசஞ்சர் கார்டு

அமெரிக்கக் கால்பந்தில் இப்போது வழக்கொழிந்துவிட்ட பெயர் இது. 1950களில் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணியை நடத்திய பால் பிரவுன், அடுத்து என்ன ஆடுவது என்பதைக் களத்தில் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் பொறுப்பில் விடமாட்டார், தானே முடிவு செய்வார். களத்துக்குள் அதைச் சொல்லி அனுப்ப, கார்டு என்ற இடத்தில் ஆடும் இரண்டு ஆட்டக்காரர்களை மாற்றி மாற்றி ஓடவிட்டார். ஒருவர் சேதியோடு உள்ளே போய், சொல்லிவிட்டு, அந்த ஆட்டத்தை ஆடுவார். அடுத்த சேதியோடு மற்றவர் வந்ததும் இவர் வெளியே வந்துவிடுவார்.

பந்தை எடுத்துக் கொடுக்கும் சென்டருக்கு இருபுறமும் நிற்பவர்தான் கார்டு. காத்தல் என்ற பொருளுள்ள ஜெர்மானிய வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். வார்டன் என்பதற்கும் அதே வேர்தான். ஆக, ஹாஸ்டல் வார்டனும் ரயில் கார்டும் பங்காளிகள்!

தமிழில் 'காவலர்' என்றால் போலீஸ்காரர்தான் நினைவுக்கு வருவார். 'தடுப்பாளர்' என்றால் எதிரணியின் தடுப்பாட்டக்காரரோ என்று குழப்பம் வரும். எதிராளியை வழிமறித்து நிற்பதுதான் இவர் வேலை என்பதால் 'மறிப்பாளர்' சரி. மறியலில் இருக்கும் அதே மறித்தல்தான். தூதர் என்றதும் தூதரகம் வந்து நிற்கிறது. அதனால் மெசஞ்சர் கார்டை 'தூது மறிப்பாளர்' என்பேன்.

இப்படி ஓடியவர்களில் பின்னாளில் பெரும்பேர் பெற்றவர் சக் நோல். 1953 முதல் 1959 வரை பிரவுன்ஸில் ஆடினார். 1954, 1955 இரண்டு ஆண்டும் அணி பட்டம் வென்றது. சேதி கொண்டுபோகிறவருக்கு அது ஏன், எதற்கு என்று யோசிக்கவும் வாய்ப்பு கிடைக்கும் அல்லவா? 27 வயதிலேயே ஆட்டத்தை விட்டார். சார்ஜர்ஸ் அணியில் சிட் கில்மனிடமும் பால்டிமோர் கோல்ட்ஸில் டான் ஷூலாவிடமும் உதவிப் பயிற்சியாளராக இருந்துவிட்டு, 1969இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் தலைமைப் பயிற்சியாளரானார். முதல் பருவத்தில் ஒரே வெற்றி, 13 தோல்வி. அப்புறம் 1974 முதல் 1979 வரையிலான ஆறு பருவங்களில் நான்கு முறை சூப்பர் பவுல் என்னும் இறுதிப்போட்டியில் வெற்றி. வேடிக்கை என்னவென்றால், அந்த அணியில் அடுத்து என்ன ஆடுவது என்பதைப் பெரும்பாலும் குவார்ட்டர்பேக் டெரி பிராட்ஷாவே முடிவு செய்தார்.

தூதுக்குப் பதிலாக ஹெல்மெட்டில் ரேடியோ வைக்க பால் பிரவுன் 1956இலேயே முயன்றார், லீக் தடுத்துவிட்டது. 1994இல் அனுமதி கிடைத்தது.