களைப்பே இல்லை என்று சொல்லும் முதியவர்கள்

முதியவர்களிடம் "களைப்பு இருக்கிறதா?" என்று கேட்டால், பெரும்பாலோர் "அப்படி ஒன்றும் இல்லை" என்றே சொல்கிறார்கள். அது பொய்யல்ல. மாடிப்படி ஏறுவதையே விட்டுவிட்டவருக்குப் படியேறினால் வரும் களைப்பு தெரிய வாய்ப்பில்லை. ஆகவே இயன்முறை சிகிச்சையில் நான் கேட்கும் கேள்வி வேறு: "போன வருடம் செய்துகொண்டிருந்த எந்த வேலையை இப்போது விட்டுவிட்டீர்கள்?" இதற்குப் பதில் தாராளமாக வரும், விடுபட்டதை உடன் வந்த மகளோ மருமகளோ சேர்த்துச் சொல்வார்.

உடல் உச்சபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு, நடுவயதுக்குப் பின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது. குளிக்கவும் உடுத்தவும் நடக்கவும் தேவைப்படும் ஆற்றலோ குறைவதில்லை. இளமையில் திறனின் சிறு பங்கை மட்டுமே கேட்ட அன்றாட வேலை, முதுமையில் பெரும்பங்கைக் கேட்கிறது. ஒரு பொருளை அசையாமல் பிடித்திருப்பதில் முதியவர்கள் இளைஞர்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். வேகமாகச் சுருங்கும் தசை இழைகளே வயதில் அதிகம் மெலிகின்றன என்பதால், தடுமாறும்போது சட்டென்று காலை முன்னே வைப்பது போன்ற விரைவான அசைவுகளில்தான் அவர்கள் பின்தங்குகிறார்கள்.

கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார முடிகிறது என்று பார்ப்பது வழக்கமான சோதனை. எண்ணிக்கையைவிட, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள வேறுபாட்டையே நான் கூர்ந்து கவனிப்பேன். முதலில் நிதானமாக எழுந்தவர், பிற்பாதியில் உடலை முன்னே வீசி எழுவார். முழங்கால் முழுமையாக நிமிராது. உட்காரும்போது தொப்பென்று விழுவார். கட்டிய கைகள் அவரையறியாமல் பிரிந்து கைப்பிடியைத் தேடும். அன்றைய மாலையில் குளியலறைக்கு நடந்து போவது, இந்தப் பிற்பாதியில் இருக்கும் கால்கள்தான்.

மனம் இதிலிருந்து தனித்து நிற்பதில்லை. வயது கூடக்கூட நடப்பதற்கே கவனம் தேவைப்படுகிறது. பேச்சுக் கொடுத்தவுடன் நடையை நிறுத்திவிடும் முதியவர்கள் பின்னர் கீழே விழும் வாய்ப்பு அதிகம் என்று 1997இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். களைத்த நேரத்தில் உடலும் மூளையும் அதே கவனத்துக்குப் போட்டியிடுகின்றன. அப்போது சொல்லப்பட்ட செய்தி மனத்தில் பதியவே இல்லை என்றால், பிறகு அதை நினைவுகூர வழியில்லை; வீட்டாரோ மறதிநோய் வந்துவிட்டதென்று அஞ்சுகிறார்கள். நினைவாற்றல் சோதனையை, நன்றாக உறங்கி எழுந்த ஒரு முற்பகலில் வைத்துக்கொள்வதே அவருக்குச் செய்யும் நியாயம்.

"வயசானால் அப்படித்தான்" என்ற பேச்சு எனக்கு உடன்பாடில்லை. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மனச்சோர்வு ஆகிய ஒவ்வொன்றும் முதலில் களைப்பாகவே வெளிப்படக்கூடும். படுக்கையிலிருந்து எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் இரத்த அழுத்தம் 20 அளவுக்கோ கீழ் அழுத்தம் 10 அளவுக்கோ சரிந்தால், அதற்கும் சிகிச்சை தேவை. தூக்க மாத்திரை, சளிக்கான சில மாத்திரைகள், இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் ஆகியவையும் சோர்வூட்டும். நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். எதையும் தாமாக நிறுத்தாமல், எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுவது நல்லது. திடீரென்று தோன்றிய கடும் களைப்பை மட்டும் காத்திருந்து பார்க்கக் கூடாது. முதியவர்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பும், காய்ச்சல் இல்லாமலே நோய்த்தொற்றும் வருவதுண்டு.

இவையெல்லாம் இல்லையென்று தெரிந்த பிறகும், அன்பு மிகுதியால் குடும்பத்தார் "பேசாமல் படுத்திருங்கள்" என்கிறார்கள். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் முதியவர்களுக்கும் வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. அதோடு தசை வலுப்பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் வேண்டும். ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. குளியல், பயிற்சி, வெளிவேலை மூன்றையும் ஒரே காலையில் அடுக்காமல், இடையிடையே உட்கார இடம் கொடுத்துப் பிரித்துக்கொள்ளலாம். பயிற்சியின் களைப்பு மறுநாள் காலையிலும் தீரவில்லை என்றால், பயிற்சியைக் கைவிடாமல் அதன் அளவைக் குறைத்துக்கொண்டு தொடர வேண்டும்.