நடுக்கோடை இரவும் மூன்று நாள் பாக்கியும்

ஜூன் 23, பிற்பகல் இரண்டு மணி. மத்தியதரைக் கடலில் ஸ்பெயினுக்குச் சொந்தமான மெனோர்க்கா தீவு. அதன் மேற்குக் கரையில் சியுதடேயா என்னும் பழைய ஊர். கழுதை மேல் வந்த ஒருவர், ஊரின் பிரபுக் குடும்பங்கள் சார்பாக நிற்பவரிடம் 'ஆரம்பிக்கலாமா?' என்று அனுமதி கேட்கிறார். கிடைத்ததும் ஃபாபியோல் என்ற சிறு குழலை எடுத்து ஊதுகிறார். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த புனித யோவானின் திருவிழா தொடங்கிவிட்டது.

அந்த நேரத்தில் தரையைப் பாருங்கள். ஆளுயரத்துக்கு நிழலே இல்லை. நடுத்தர உயரமுள்ள ஒருவருக்கு அரை மீட்டர் விழுந்தால் அதிகம். கடிகாரம் இரண்டு என்று காட்டினாலும், சூரியன் உச்சியைக் கடந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. கோடையில் ஸ்பெயின் தன் கடிகாரத்தை கிரீன்விச்சைவிட இரண்டு மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்வதால் வந்த வினை இது. ஊர் இருப்பது ஏறக்குறைய 40 டிகிரி வடக்கு அட்சரேகையில். அங்கே சூரியன் ஆண்டு முழுவதும் எட்டும் உச்ச உயரம் சுமார் 73 டிகிரிதான். இன்று அந்த உயரத்தில்தான் நிற்கிறது.

இதற்குப் பிறகு ஊர் தூங்குவதில்லை. கறுத்துப் பளபளக்கும் மெனோர்க்காக் குதிரைகள் கூட்டத்துக்கு நடுவே பின்னங்கால்களில் எழுந்து நிற்கும். இளைஞர்கள் அதன் நெஞ்சடியில் புகுந்து கையால் தாங்குவார்கள். குதிரையைத் தொட்டால் நல்லது நடக்கும் என்பது நம்பிக்கை. (என்னைக் கேட்டால் பத்தடி தள்ளி நின்று பார்ப்பேன்.) ஒருவர் மேல் ஒருவர் ஹேசல் கொட்டைகளை வீசிக்கொள்வார்கள், காலடியில் ஓடுகள் நொறுங்கும். குடிப்பது பொமாடா, அதாவது ஜின்னும் எலுமிச்சைச் சாறும் கலந்த பானம். 18-ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவைப் பெரும்பாலும் ஆண்ட ஆங்கிலேயர்கள் விட்டுப்போன பழக்கம் அந்த ஜின்.

சரி, இது நடுக்கோடைத் திருவிழா என்றால் ஒரு கணக்கு இடிக்கிறது. சூரியன் வடக்கே போய்த் திரும்புவது ஜூன் 20 அல்லது 21-இல். விழா நாளோ 24. மூன்று நாள் பாக்கி எங்கே போனது?

முதலில், அந்த மூன்று நாளைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. ஊஞ்சல் ஒரு பக்கம் உச்சிக்குப் போய்த் திரும்பும்போது ஒரு கணம் தயங்குமே, சூரியனும் அப்படித்தான். மார்ச் மாதத்தில் நண்பகல் சூரியன் ஒவ்வொரு நாளும் தன் தட்டின் அகலத்தில் முக்கால் பங்கு மேலே ஏறும். ஜூன் 21-ஐ ஒட்டி அந்த ஏற்றம் நின்றே போய்விடுகிறது. மூன்று நாளில் அது இறங்குவது 0.03 டிகிரி, அதாவது தட்டின் அகலத்தில் பதினாறில் ஒரு பங்கு. பகல் நேரம் குறைவது கால் நிமிடம் போல. சுவரில் நிழலைக் குறித்து வைத்துப் பார்த்த பழங்காலத்து ஆளுக்கு 21-உம் 24-உம் ஒரே நாள்தான். இந்தத் திருப்பத்துக்கு லத்தீனில் வைத்த பெயருக்கே 'சூரியன் நிற்பது' என்றுதான் பொருள்.

ஆனால் ஏன் குறிப்பாக 24? ரோமானிய மரபு கோடைத் திருப்பத்தை 'ஜூலை முதல் தேதிக்கு எட்டாம் நாள்' என்று குறித்திருந்தது. குளிர்காலத் திருப்பத்தை 'ஜனவரி முதல் தேதிக்கு எட்டாம் நாள்' என்றது. முதல் தேதியையும் சேர்த்துப் பின்னோக்கி எண்ணுவது அவர்கள் வழக்கம். ஜூனுக்கு முப்பது நாள் என்பதால் எட்டாவது நாள் 24-இல் வந்து விழுகிறது. டிசம்பருக்கு முப்பத்தொன்று என்பதால் 25. இரண்டாவது தேதி இயேசுவின் பிறந்த நாளாயிற்று. லூக்கா நற்செய்தியின்படி யோவான் ஆறு மாதம் மூத்தவர், ஆகவே முதல் தேதி அவருக்குப் போயிற்று. யோவான் சொன்ன 'அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்' என்பதைப் பகல் நீள்வதோடும் சுருங்குவதோடும் சேர்த்துப் பிரசங்கம் செய்தவர் புனித அகுஸ்தீன். நல்ல பொருத்தம்தான்.

அப்புறம் காலண்டர் நழுவியது. ஜூலியஸ் சீசர் கி.மு. 45-இல் கொண்டுவந்த ஆண்டு 365¼ நாள். உண்மையான பருவ ஆண்டு அதைவிடப் பதினொரு நிமிடம் குறைவு. பதினொரு நிமிடம் என்ன பெரிய விஷயம்? 128 ஆண்டில் அது ஒரு நாளாகிவிடும். சியுதடேயாவில் இந்த விழா வேரூன்றியதாகச் சொல்லப்படும் 14-ஆம் நூற்றாண்டில் சூரியன் திரும்பியது ஜூன் 13-ஐ ஒட்டி. அன்றைய மக்கள் பத்து நாளுக்கு மேல் தாமதமாகத்தான் நடுக்கோடையைக் கொண்டாடியிருக்கிறார்கள்! அப்போதும் பகல் சுருங்கியது வெறும் மூன்று நிமிடம், யாருக்கும் உறைத்திருக்காது.

1582-இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி பத்து நாளை வெட்டினார். ஸ்பெயினில் அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. பதின்மூன்று நாளை வெட்டியிருந்தால் திருப்பம் மறுபடி 24-இல் வந்து உட்கார்ந்திருக்கும். ஆனால் அவருடைய கவலை ஈஸ்டர். பகலும் இரவும் சமமாகும் வசந்தகால நாளை, அதாவது சம இரவை வைத்துத்தான் அதன் தேதி கணக்கிடப்படுகிறது. கி.பி. 325-இல் கிறிஸ்தவ ஆயர்களின் நைசியா சங்கம் கூடிய காலத்தில் வசந்தகாலச் சம இரவு எந்தத் தேதியில் இருந்ததோ அங்கே கொண்டு போய் நிறுத்தினால் அவருக்குப் போதும். சீசருக்கும் நைசியாவுக்கும் இடையே நழுவிய மூன்று நாளை அப்படியே விட்டுவிட்டார். நாம் தேடிய பாக்கி அதுதான். அந்த வகையில் இன்றைய விழா, தொடங்கிய காலத்தைவிடச் சூரியனுக்கு நெருக்கமாக நடக்கிறது.

நம் பஞ்சாங்கத்திலும் இப்படியொரு பாக்கி உண்டு. சூரியன் தெற்கு நோக்கித் திரும்புவதைக் குறிக்கும் தட்சிணாயனம் ஆடி முதல் தேதி, ஜூலை நடுவில் தொடங்குகிறது. காரணம் வேறு. நாம் ஆண்டை நட்சத்திரங்களை வைத்து அளக்கிறோம். பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லச் சுற்றுவதால் அந்த ஆண்டு பருவ ஆண்டைவிட இருபது நிமிடம் நீளம்.

மீண்டும் சியுதடேயா. 24-ஆம் தேதி மாலை, குதிரையில் பாய்ந்து வருபவர்கள் தொங்கும் வளையத்தில் ஈட்டி செருகும் விளையாட்டு. பகல் குறையத் தொடங்கியாயிற்று. ஆனால் சூரியன் மறைவது, சுமார் ஒன்பதேகால் மணிக்கு, இன்னும் சில நொடிகள் பின்னேதான் போய்க்கொண்டிருக்கிறது. பூமி சாய்ந்திருப்பதாலும் அதன் பாதை சரியான வட்டமாக இல்லாததாலும் இந்த நாட்களில் உண்மையான நண்பகல் தினமும் பத்துப் பதின்மூன்று நொடி தள்ளிப்போகிறது. கூடவே மாலையும் தள்ளிப்போகிறது. அந்த அட்சரேகையில் மிகத் தாமதமான அஸ்தமனம் 27-ஐ ஒட்டித்தான். குறையும் நொடிகள் எல்லாம் காலைப் பக்கத்திலிருந்து கழிகின்றன. அந்த நேரத்தில் ஊரே தூங்கிக்கொண்டிருக்கும்.