சப்ளையரின் டிரையரையும் பார்த்துவிட்டு வாருங்கள்

ரத்தக்குழாய் வழியே மருந்தேற்றும் ஐவி செட்டில், ஊசியோடு பொருத்தும் முனையில் கண்ணாடி போன்ற சிறிய பிளாஸ்டிக் இணைப்பான் ஒன்று இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் நான் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருந்த நிறுவனத்துக்கு, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்த அந்த இணைப்பான்கள் ஒரு லாட், அதாவது ஒரு தொகுப்பு, வந்திறங்கின. அளவுகள் சரியாக இருந்தன, அளவு பார்க்கும் கேஜில் பிசகின்றிப் பொருந்தின, சான்றிதழிலும் குறையில்லை. நானே கையொப்பமிட்டு உள்ளே அனுப்பினேன். குழாயைச் சைக்ளோஹெக்ஸனோன் என்ற கரைப்பானில் தொட்டு ஒட்டி, பொதியிட்டு, எத்திலீன் ஆக்சைடு வாயுவில் கிருமிநீக்கம் செய்து வாங்கிய பிறகு, நீரில் அமிழ்த்திக் காற்றழுத்தம் கொடுக்கும் கசிவுச் சோதனையில்தான் சிலவற்றின் கழுத்திலிருந்து குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தபோது மயிரிழை போன்ற விரிசல் தெரிந்தது. சரக்கு கிடங்கைவிட்டு வெளியேறியிருக்கவில்லை என்பது மட்டுமே ஆறுதல்.

மறுநாள் அவற்றை வார்த்துத் தந்த சப்ளையரின் மோல்டிங் கூடத்துக்குப் போனேன். பாலிகார்பனேட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருள். டிரையரில் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸில் மூன்று, நான்கு மணி நேரம் உலர்த்தி, ஈரப்பதத்தை 0.02 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்த பிறகே அதை இயந்திரத்தில் போட வேண்டும். இல்லாவிட்டால் உருகும் வெப்பத்தில் அந்த ஈரமே பாலிமர்ச் சங்கிலிகளை வெட்டிவிடும். ஈரம் மிகுந்தால் பொருளின் மேல் வெள்ளிக் கீற்றுகள் தெரியும். ஓரளவு மட்டும் இருந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பலம் குறைந்திருக்கும், கரைப்பான் பட்டதும் விரிசல் விடும். உலர்த்திய நேரத்துக்குப் பதிவேடு உண்டா என்று கேட்டேன். இல்லை. இரவு ஷிஃப்ட்டில் இருந்த இளைஞர் ஒளிக்காமல் சொன்னார்: “ஆர்டர் அவசரம்னு உங்க ஆபீஸ்ல இருந்து தினமும் போன் சார். அதான் ரெண்டு மணி நேரத்துலயே எடுத்துட்டோம்.”

அவர் சொன்னது உண்மை. அந்த மாதம் எங்கள் கொள்முதல் பிரிவு அளவைப் பாதிக்கு மேல் உயர்த்திவிட்டு, தேதியை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தது. நாங்கள் கொடுத்த ஆர்டரில் வரைபட எண், விலை, தேதி மூன்றும் இருந்தன. உலர்த்தும் நேரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. பின்னர் சோதித்துக் கண்டுபிடிக்க முடியாத வேலைகளை முன்கூட்டியே செய்து காட்டி உறுதிப்படுத்த வேண்டும் என்று மருத்துவக் கருவித் தயாரிப்புக்கான ஐஎஸ்ஓ 13485 தரநிலை சொல்கிறது. அதை எங்கள் கூரைக்குள் நடக்கும் வேலைக்கு மட்டும் உரியதாக எடுத்துக்கொண்டிருந்தோம்.

மருத்துவக் கருவிகள் விதிகள், 2017 நம் நாட்டில் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. அவை கருவிகளை ஆபத்துக் குறைந்த ஏ முதல் ஆபத்து மிகுந்த டி வரை வகைப்படுத்துகின்றன. ஏ, பி வகைக் கருவிகளுக்கு (கிருமிநீக்கம் செய்யாத, அளவிடும் வேலை இல்லாத ஏ வகை நீங்கலாக) 2022 அக்டோபர் முதலும், சி, டி வகைகளுக்கு 2023 அக்டோபர் முதலும் உரிமம் கட்டாயம். ஆனால் உதிரிபாகத்தை மட்டும் வார்த்துத் தருபவருக்குப் பெரும்பாலும் அந்த உரிமம் தேவைப்படுவதில்லை. ஆய்வாளர் அவர் கூடத்துக்குள் நுழையும் வாய்ப்பு குறைவு என்பதால், அங்கே பார்க்கக்கூடிய கண் நம்முடையது ஒன்றுதான்.

முதல் சந்திப்பில் சப்ளையர் நம்மைக் கூட்ட அறையில் உட்கார வைத்துச் சான்றிதழ்களை அடுக்குவார். நான் அவற்றை வாங்கி வைத்துக்கொண்டு நேராக டிரையருக்கும், பிறகு கழிவு அரைக்கும் இயந்திரத்துக்கும் போய்விடுவேன். அரைத்த கழிவு மருத்துவ வேலை நடக்கும் இயந்திரத்தின் பக்கத்திலேயே மூட்டையாக நின்றால், அது எப்போதாவது மூலப்பொருள் கொட்டும் ஹாப்பருக்குள் போகும் என்று எடுத்துக்கொள்கிறேன். கடைசியாக நிராகரித்த லாட்டின் பதிவைக் கேட்பேன். “எங்களிடம் ரிஜெக்‌ஷனே கிடையாது” என்பவரிடம் எனக்கு ஆர்டர் கொடுக்கத் தோன்றியதில்லை.

ஒரு கணக்கும் போடுவேன். ஒரு துண்டு 2 கிராம் என்றால், 1 லட்சம் துண்டுக்கு 200 கிலோ மூலப்பொருள், அதோடு அச்சின் ஓடைகளில் உறைந்து வீணாகும் ஓடைக்கழிவு. அத்தனை துண்டுகளை வார்த்த காலத்தில் அவர் மருத்துவத் தர ரெசின், அதாவது பிளாஸ்டிக் மூலப்பொருள், வாங்கிய இன்வாய்ஸ்கள் அந்த அளவைத் தொட வேண்டும். பிரான்சின் பிஐபி நிறுவனம் மருத்துவத் தரமல்லாத சிலிகோன் ஜெல்லை மார்பக உள்வைப்புகளில் நிரப்பி விற்றது 2010இல் வெளிப்பட்டது. அதன் நிறுவனருக்கு 2013இல் நான்காண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அங்கே மோசடி செய்தது தயாரிப்பாளரே என்றாலும், கொள்முதல் கணக்கை உற்பத்திக் கணக்கோடு ஒட்டிப் பார்க்கும் பழக்கம் இரு பக்கமும் பயன்படும். அதே 2013இல் ஐரோப்பிய ஆணையம் முன்னறிவிப்பில்லா ஆடிட்டை வலியுறுத்தியபோது, முக்கியமான சப்ளையர்களின் கூடங்களையும் அதில் சேர்த்தது.

எல்லாச் சப்ளையரிடமும் இவ்வளவு மெனக்கெட முடியாது, தேவையுமில்லை. வெளி அட்டைப்பெட்டி தருபவருக்கு ஆண்டுக்கொரு பார்வை போதும். லேபிள் அச்சடிப்பவரைப் பலர் அதே வரிசையில் வைத்துவிடுகிறார்கள், அது தவறு. காலாவதித் தேதியோ அளவோ மாறிய ஒரு சுருள் லேபிள், குறையே இல்லாத சரக்கு முழுவதையும் திரும்பப் பெற வைத்துவிடும்.

ஒப்பந்தத்தில் நான் அதிகம் வாதாடுவது ஒரு பத்திக்காகத்தான்: மூலப்பொருள், இயந்திரம், இடம், துணை ஒப்பந்ததாரர் இவற்றில் எதை மாற்றுவதானாலும், மாற்றுவதற்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கையொப்பம் வாங்குவது எளிது. தெரிவித்தவருக்கு அடுத்து என்ன நடக்கிறது என்பதில்தான் அந்தப் பத்தி பிழைக்கிறது அல்லது சாகிறது. ஒருமுறை உண்மை சொல்லி ஆர்டரை இழந்தவர் மறுமுறை வாய் திறக்க மாட்டார்.

விரிசல் கண்ட அந்த மோல்டரை நாங்கள் விட்டுவிடவில்லை. டிரையருக்கு நேரமும் வெப்பமும் பதியும் கருவி பொருத்தி, தொடர்ந்து மூன்று லாட்டுகளை ஒட்டிச் சோதித்த பிறகு வேலையைத் தொடர்ந்தோம். ஏழெட்டு மாதம் கழித்து அவரே அழைத்தார்: ரெசின் விற்பவர் வேறு கிரேடு அனுப்பியிருக்கிறார், மூட்டையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன் என்றார். சோதனை முடிய இரண்டு வாரமாயிற்று. சரக்கு தாமதமாக வந்ததற்காக எங்கள் கொள்முதல் பிரிவு அவருடைய பில்லில் அபராதம் பிடித்துக்கொண்டது. அந்தத் தொகையை அவருக்குத் திருப்பித் தரச் செய்ய நான் இரண்டு மாதம் கடிதம் எழுத வேண்டியிருந்தது.