வீங்கிப்போன எஞ்சின்: மாதிரி ரயிலில் ஈயம் சேர்ப்பவர்களுக்கு

மாதிரி ரயில்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். போன மாதம் ஒருவர் தன் பேனியர் டாங்க் என்ற வகை நீராவி எஞ்சினின் மாதிரியைக் கொண்டுவந்தார். கடையில் வாங்கியபோது அது பிரிட்டனின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பச்சை நிறத்தில் இருந்ததாம். நான்கு வருடம் முன்பு அவரே அரக்குச் சிவப்பு அடித்து, லண்டன் நகரப் போக்குவரத்து நிறுவனமான லண்டன் டிரான்ஸ்போர்ட்டின் எல்94 என்ற எஞ்சினாக மாற்றியிருக்கிறார். நல்ல தேர்வு. நிஜத்தில் 1929 முதல் 1950 வரை இந்த வகையில் 863 எஞ்சின்கள் கட்டப்பட்டன. அவற்றில் 13ஐ லண்டன் டிரான்ஸ்போர்ட் பராமரிப்பு வண்டிகளை இழுக்க வாங்கியது. பிரிட்டிஷ் ரயில்வேயின் முக்கியப் பாதைகளில் நீராவி 1968இலேயே முடிந்துவிட்டது. லண்டன் டிரான்ஸ்போர்ட்டின் கடைசி நீராவி வண்டியை 1971 ஜூன் 6 அன்று இழுத்தது இந்த எல்94தான்.

கழுதை முதுகில் இருபுறமும் பொதி தொங்குவதுபோல, இந்த எஞ்சினில் கொதிகலனின் இருபக்கமும் தண்ணீர்த் தொட்டிகள் இருக்கும். அவர் கொண்டுவந்ததில் இரண்டு தொட்டிகளும் புடைத்திருந்தன. ஒரு பக்கம் மூலையில் பிளாஸ்டிக்கே பிளந்திருந்தது. வெயிலில் வைத்துவிட்டோமோ என்று அவருக்குச் சந்தேகம். திறப்பதற்கு முன்பே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. உள்ளே ஈயக் குண்டுகள், அவற்றை ஒட்ட மரவேலைக்கான வெள்ளைப் பசை.

எடை சேர்த்தது தவறே இல்லை. 1:76 அளவில் பிளாஸ்டிக் உடம்போடு வரும் சின்ன எஞ்சின், நான்கு பெட்டிகளோடு மேட்டில் ஏறும்போது சக்கரம் வழுக்கத்தான் செய்யும். இழுவை என்பது ஓட்டும் சக்கரங்களின் மேல் விழும் எடையைப் பொறுத்தது. பேனியரில் ஆறு சக்கரமும் ஓட்டும் சக்கரம் என்பதால் சேர்க்கும் ஒவ்வொரு கிராமும் உதவும்.

சிக்கல் பசையில் இருக்கிறது. பி.வி.ஏ. எனப்படும் வெள்ளைப் பசையிலிருந்து அசிட்டிக் அமிலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். அது ஈயத்தை அரிக்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து ஈயம் வெள்ளைத் தூளாக மாறும். பழைய காலத்தில் வெள்ளைப் பெயிண்டுக்கான ஈயத் தூளை வினிகரை வைத்து இப்படித்தான் தயாரித்தார்கள். அந்தத் தூளுக்கு ஈயத்தைவிட அதிக இடம் வேண்டும். மூடிய தொட்டிக்குள் வேறு வழியில்லாமல் சுவரைத் தள்ளும். மாதங்களோ வருடங்களோ ஆகலாம் என்பதால் செய்தவருக்கே காரணம் புரிவதில்லை.

எஞ்சின் போனால் வேறு வாங்கலாம். என் பெரிய கவலை அந்தத் தூள். அது நஞ்சு, குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னும் ஆபத்து. அன்னப்பறவைகள் விழுங்கிச் சாகின்றன என்பதால் தூண்டிலில் கட்டும் சிறிய ஈயக் குண்டுகளை இங்கிலாந்தில் 1987இலேயே தடை செய்தார்கள். நம் சாப்பாட்டு மேசையில் அதைக் கொட்டி வேலை செய்யலாமா? வெள்ளைத் தூளைக் கண்டால் ஊதாதீர்கள், வீட்டு வேக்குவம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள். கையுறை போட்டு ஈரத்துணியால் துடைத்து, துணியோடு பையில் கட்டிவிடுங்கள். அதை எங்கே ஒப்படைப்பது என்று உங்கள் ஊர் நிர்வாகத்தைக் கேளுங்கள். அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நான் இப்போது டங்ஸ்டன்தான் வைக்கிறேன். விலை கூடுதல், ஆனால் ஈயத்தின் அடர்த்தி 11.3 என்றால் இதற்கு 19.3, சின்ன இடத்தில் நிறைய எடை அடங்கும். ஈயம்தான் கைவசம் இருக்கிறது என்றால் தகடாக வெட்டி, இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸியால் ஒட்டுங்கள். வெள்ளைப் பசை மட்டும் வேண்டாம். எஞ்சினுக்குள் டிகோடர் (டிஜிட்டல் கட்டளைகளை வாங்கி மோட்டாரை இயக்கும் சின்ன மின்னணுப் பலகை) இருந்தால் உலோகம் அதில் உரசாமல் டேப் ஒட்டுங்கள். எடை சக்கரங்களின் நடுவில் விழ வேண்டும்.

எவ்வளவு எடை போதும்? எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து, நகராதபடி விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு மின்சாரத்தைக் கூட்டுங்கள். சக்கரம் வழுக்கிச் சுழன்றால் சரி. சுழலாமல் மோட்டார் உறுமினால் உடனே நிறுத்திக் கொஞ்சம் எடையை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் மோட்டார் கருகும்.

அவருடைய எஞ்சினுக்குப் பழைய உடம்பு தேறவில்லை. உதிரியாக ஒன்று வாங்கி, இரு தொட்டிகளிலுமாக 35 கிராம் டங்ஸ்டன் வைத்துக் கொடுத்தேன். அரக்குச் சிவப்பைத் தானே மறுபடி அடிப்பதாகச் சொல்லி எடுத்துப்போயிருக்கிறார்.