இடிந்த கோயில் லண்டனில் நடத்திய வழக்கு

இன்றைய திருவாரூர் மாவட்டத்துப் பத்தூரில் விசுவநாத சுவாமி கோயில் ஒன்று இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் எழுந்த அக்கோயில், 1970களில் வெறும் இடிபாடு. 1976இல் அதன் அருகே மண் தோண்டிய கூலித் தொழிலாளி ஒருவருக்கு நடராசர் கிடைத்தார். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம்; நடந்தது வேறு. பல கைகள் மாறி, 1982இல் பம்பர் டெவலப்மென்ட் என்ற கனடா நிறுவனம், சிலை வந்த வழி பற்றிச் சொல்லப்பட்ட பொய்க்கதையை நம்பி அதை வாங்கியது. சீர்செய்வதற்காகக் கொடுத்திருந்த நேரத்தில் லண்டன் போலீஸ் கைப்பற்றியது. நிறுவனம் போலீஸ் மீது வழக்குப் போட்டது. சிலை எங்களுடையது என்று எதிரே வந்து நின்றவர்கள்: இந்திய அரசு, தமிழக அரசு, கோயில், கோயிலுக்காகத் தக்கார் என்னும் நியமன நிர்வாகி, கூடவே அங்கே எஞ்சியிருந்த சிவலிங்கம்.

லிங்கம் எப்படி வழக்காடும்? நம் நீதிமன்றங்களில் இது பழகிய சங்கதி. ஒருவர் கோயில் கட்டி நிலம் எழுதிவைத்தால், அந்த நிலம் பூசாரிக்கோ ஊருக்கோ போவதில்லை, சாமிக்கே போகிறது. சட்டத்தின் கண்ணில் சாமி ஒரு நபர். ஆனால் என்றைக்கும் மேஜராகாத மைனர். அதனால் நிர்வாகி எவராக இருந்தாலும் அவர் கார்டியன் மட்டுமே. மைனர் வாரிசின் பூர்வீகச் சொத்தை அத்தியாவசியத் தேவையோ சொத்துக்கு நன்மையோ இருந்தால் ஒழிய அடகு வைக்கக்கூடாது என்று குடும்ப வழக்கொன்றில் 1856இல் பிரிவி கவுன்சில், அதாவது இந்திய வழக்குகளுக்கு அன்று லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம், விதித்தது. அதே விதியை 1875இல் கோயில் நிர்வாகிக்கும் பொருத்தியது. தாத்தா சொத்தும் சாமி சொத்தும் ஒரே இழையில் கோக்கப்பட்டது அப்படித்தான்: கையில் வைத்திருப்பவர் அனுபவிக்கலாம், பராமரிக்கலாம், நினைத்தபடி விற்க முடியாது.

கல்கத்தாவில் மல்லிக் குடும்பத்தார் குலதெய்வத்தை முறைவைத்துப் பூசித்து வந்தார்கள். தன் முறை வரும்போது விக்கிரகத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் ஒருவர். விக்கிரகம் தூக்கிப்போகும் தட்டுமுட்டுச் சாமான் இல்லை, எங்கே இருப்பது என்பதில் அதற்கும் ஒரு விருப்பம் உண்டு, அதைச் சொல்ல இச்சண்டையில் பங்கில்லாத ஒருவரை நியமியுங்கள் என்று 1925இல் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. நபர் என்று ஆனபின் வரி மட்டும் விடுமா? தெய்வத்துக்கும் வருமான வரி போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 1969இல் தீர்ப்பளித்தது.

பத்தூர் வழக்கில் லண்டன் நீதிபதி முன் இரண்டு கேள்விகள் இருந்தன. இது அந்த நடராசர்தானா? அதே இடத்தில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு ஒப்பிட்டார்கள். உலோகம், வடிவ அமைதி, ஒட்டியிருந்த மண், கரையான் ஓடிய தடம்வரை அலசப்பட்டன. நூற்றாண்டுகளாகக் கைவிடப்பட்ட கோயிலுக்கு உரிமை மிஞ்சியிருக்கிறதா? சுவர் இடிந்தாலும், கட்டியவரின் அறநோக்கம் லிங்கத்தில் உயிரோடு இருக்கிறது என்று 1988இல் நீதிபதி கொண்டார். கோயில் வழக்காடலாம் என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1991இல் ஏற்றது. அந்த ஆண்டே நடராசர் ஊர் திரும்பினார். சோழர் காலத்துக் கொடையாளி ஒருவரின் எண்ணத்துக்கு ஆங்கிலேய நீதிமன்றம் கட்டுப்பட்டது என்பதை நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

அரசியலில் கணக்கு வேறு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த சிலையைத் தனியார் வைத்திருக்கலாம், ஆனால் பதிவு செய்ய வேண்டும். நாட்டைவிட்டு வெளியே அனுப்பும் உரிமை மத்திய அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும் மட்டுமே. உடைமை யாருடையது என்பதைவிட எல்லை தாண்டியதா என்பதே இங்கே பெரிது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் திருடப்பட்டு ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வாங்கிய நடராசரை, 2014இல் அந்நாட்டுப் பிரதமர் டோனி அபாட் டெல்லியில் பிரதமர் மோடியிடம் ஒப்படைத்தார். படத்தில் இரண்டு தலைவர்கள். ஸ்ரீபுரந்தான்காரர் எவரும் இல்லை.

கலை உலகம் இதே உருவத்தை மூன்றாவது விதமாகப் பார்க்கிறது. சென்னை அருங்காட்சியகத்துத் திருவாலங்காட்டு நடராசரைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்து உருகி எழுதினார் சிற்பி ரோடின். அவர் ரசித்தது அசையும் உடலை. கோயிலில் அந்த உடலைப் பட்டும் மாலையும் மூடிவிடும். பீடத்தில் உள்ள துளைகளைப் பாருங்கள்: அவை தண்டு கோத்து வீதியுலா எடுத்துப்போவதற்கு. கண்ணாடிப் பேழைக்குள் அவற்றுக்கு வேலை இல்லை.

மீட்கப்பட்ட திருமேனிகள் பலவும் இன்று அரசின் பாதுகாப்பு மையங்களில் பூட்டிக் கிடக்கின்றன. மறுபடி திருடு போகும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் ஸ்ரீபுரந்தான் நடராசரை அடையாளம் காட்டியது பூட்டு அல்ல. 1994இல் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் அக்கோயிலில் எடுத்துவைத்த புகைப்படம். 1950களிலிருந்து அவர்கள் ஊர் ஊராகப் போய் எடுத்த படங்கள் லட்சத்துக்கும் மேல். அந்த வேலையை ஒவ்வொரு சிறு கோயிலிலும் அறநிலையத் துறை முடித்து, படங்களை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.