வீட்டிலேயே குழந்தைப் பராமரிப்பு: ஆஸ்திரேலிய அரசின் மானியம் யாருக்கு, எப்படி?

கணவன் மனைவி இருவருக்கும் ஷிஃப்ட் வேலை. குழந்தைப் பராமரிப்பு சென்டர் மாலையில் மூடிவிடும். வேலையோ அதன் பிறகுதான் தொடங்கும். இப்படிப்பட்ட குடும்பங்களை மனதில் வைத்து ஆஸ்திரேலியாவில் நடப்பதுதான் 'இன் ஹோம் கேர்' திட்டம். பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் உங்கள் வீட்டுக்கே வந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார். கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு, 'சைல்ட் கேர் சப்சிடி' என்ற மானியமாகத் தரும். 2018 ஜூலையிலிருந்து இது இந்த வடிவில் இருக்கிறது.

நாமே ஒரு ஆயாவை அமர்த்திச் சம்பளம் கொடுத்தால் மானியம் கிடையாது. அரசு அங்கீகரித்த நிறுவனம் வழியாக வருபவருக்கு மட்டுமே கிடைக்கும். பராமரிப்பாளரின் வீட்டில் குழந்தையை விடும் 'ஃபேமிலி டே கேர்' வேறு. அதற்கும் மானியம் உண்டு, இவ்வளவு நிபந்தனைகள் இல்லை.

பலர் மானிய சதவீதத்தைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு கதவு இருக்கிறது. மற்ற வகைப் பராமரிப்பு உங்களுக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று காட்ட வேண்டும். வழக்கமற்ற வேலை நேரம், சென்டர்களே எட்டாத தொலைவில் வீடு, குடும்பத்தில் சிக்கலான சிறப்புத் தேவைகள், இவற்றில் ஒன்றாவது பொருந்த வேண்டும். இடங்களும் அளவானவை. அதனால் உங்கள் மாநிலத்துக்கான இன் ஹோம் கேர் உதவி அமைப்பிடம்தான் முதலில் பேசுங்கள். ஷிஃப்ட் அட்டவணையையும், சென்டர்கள் இடமில்லை என்று அனுப்பிய பதில்களையும் கையில் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது.

சரி, பணம். 2025-26 நிதியாண்டில் குடும்ப வருமானம் 85,279 டாலர் வரை இருந்தால் மானியம் 90 சதவீதம். அதற்கு மேல் ஒவ்வொரு 5,000 டாலருக்கும் 1 சதவீதம் குறையும். ஆனால் இந்தச் சதவீதம் முழுக் கட்டணத்துக்கு அல்ல. மணிக்கு இவ்வளவு என்று அரசு ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது. கட்டணம் அதைத் தாண்டினால் மிச்சம் முழுக்க உங்கள் கையிலிருந்துதான். இந்த வரம்பு குழந்தைக்கு ஒன்றல்ல, குடும்பத்துக்கே ஒன்று. மூன்று பிள்ளைகள் இருந்தால் சென்டரில் மூன்று கட்டணம், இங்கே ஒன்றுதான், அதனால் கட்டுப்படியாகலாம். ஒரே குழந்தை என்றால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், சுமை கனமாகவே இருக்கும். இரண்டாவது குழந்தைக்குச் சென்டரில் கிடைக்கும் கூடுதல் சதவீதமும் இதில் இல்லை.

குழந்தைக்கு 13 வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, உயர்நிலைப் பள்ளியில் படிக்கவும் கூடாது. தடுப்பூசி, குடியுரிமை அல்லது விசா நிபந்தனைகளும் உண்டு. விண்ணப்பம், அரசின் இணையதளமான மைகவ் வழியாக, அரசு உதவித்தொகைகளைக் கவனிக்கும் சென்டர்லிங்கில் உள்ள உங்கள் கணக்கில். தாமதிக்காதீர்கள்: பின்தேதியிட்டு 28 நாட்கள் வரைதான் மானியம் கிடைக்கும்.

பணம் நேராக நிறுவனத்துக்குப் போகும். வழக்கமாக மானியத்தில் 5 சதவீதத்தை அரசு நிறுத்திவைத்து, நிதியாண்டு முடிந்து உங்கள் உண்மையான வருமானம் தெரிந்தபின் கணக்கு நேர்செய்யும். வருமானத்தைக் குறைத்து மதிப்பிட்டிருந்தால் திருப்பிக் கட்ட வேண்டி வரும். அதனால் சம்பளம் கூடியவுடனே கணக்கில் திருத்திவிடுங்கள்.